மதகு பாய்ஸ் திருந்திய கதை

திருமுருகன் கல்யாணத்துக்கு வைத்த ஃப்ளெக்ஸ்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நத்தமங்கலத்தில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். அநியாயம்! ஃப்ளெக்ஸ் என்ன பாவம் செய்தது? மாயவரத்தைச் சுற்றி எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மண்டப வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டாமல் தாலி ஏறாது. ஒரு கோஷ்டி 'மாப்பிள்ளையைக் காணவில்லை' என்று போடும். இன்னொரு கோஷ்டி கண்ணீர் அஞ்சலியே போட்டுவிடும். பெண் வீட்டார் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள், சாப்பிட்டு முடித்ததும் அதன் முன்னாலேயே நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள்.

நத்தமங்கலம் மதகு பாய்ஸ் வைத்தது ஒரு கோர்ட்டுத் தீர்ப்பு. மேலே கொட்டை எழுத்தில் 'ஆயுள் தண்டனை'. குற்றவாளி, திருமுருகன். குற்றம், சுவேதாவின் இதயத்தைப் பட்டப்பகலில் திருடியது. கீழே உடந்தையாளர்கள், போலீஸ்காரர்கள் எழுதுவது போலவே வரிசைப்படி, கறுப்புக் கண்ணாடியும் முறுக்கிய மீசையுமாக. ஏ1 ரத்தம் சதீஷ். ஏ2 பாம் அரசப்பன். ஏ3 மாஸ்டர் பிளான் ஜெயபால். கடைசி வரியில், 'ஜாமீன் கிடையாது. பந்தி உண்டு.'

சதீஷுக்கு ரத்தம் என்று பேர் வந்ததற்குக் காரணம், மாயவரம் ஆஸ்பத்திரியில் யாருக்கு ரத்தம் தேவைப்பட்டாலும் முதல் ஆளாக ஓடிப்போய்க் கையை நீட்டுவது. அரசப்பன் தீபாவளிக்குத் தீபாவளி வெடிக்கடை போடுகிறவன். ஜெயபால் அவர்களில் படித்தவன். சமூகவியலில் எம்.ஏ. முடித்திருந்தான். ஃப்ளெக்ஸில் இருந்த ஒவ்வொரு வரியையும் எழுதியது அவன்தான். அன்றைக்கு அவன் எழுதிக்காட்டியபோது சதீஷ் சிரித்த சிரிப்பில் வாய்க்காலுக்குள் விழப் பார்த்தான். சாயங்காலமானால் மூன்று பேரும் வாய்க்கால் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருப்பார்கள். மதகு பாய்ஸ் என்ற பேருக்கு அதைத் தவிர வேறு வரலாறு கிடையாது.

இந்த ஜெயபாலுக்குத் தஞ்சாவூரில், வல்லம் போகிற சாலையில் இருக்கும் 'இளையோர் பிறழ்வு, உட்பண்பாடு மற்றும் மீள்வு உயராய்வு மைய'த்தில் திட்ட உதவியாளர் வேலை கிடைத்தது. மையத்தின் முழுப் பேரையும் மூச்சு விடாமல் சொல்லக் கற்றுக்கொள்ளவே சதீஷுக்கு ஒரு வாரம் ஆயிற்று. இருந்தாலும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். சிநேகிதனுக்கு வேலை கிடைத்தால் சந்தோஷம் இருக்காதா? கேக் வாங்கி மதகின் மேல் வைத்து வெட்டினார்கள். சதீஷின் அம்மா கமலாம்பாள், "ஜெயபாலு, தஞ்சாவூர்ல வேளைக்குச் சாப்பிடுய்யா" என்று ஒரு டப்பா நிறைய பருப்புப் பொடி இடித்துக் கொடுத்தாள். கல்லூரிக் காலம் முழுக்க அவன் பாதி நாள் சாப்பிட்டது அவள் வீட்டில்தான்.

கொஞ்ச நாள் கழித்து ஜெயபால் போன் செய்தான்.

"டேய், எங்க இயக்குநர் சார் நம்ம ஊரைப் பாக்கணுங்கறாருடா. கிராமத்துப் பசங்களோட வாழ்க்கையைப் பத்தி ஆய்வு. நம்ம பசங்களப் பத்தி நல்லபடியா எழுதப்போறோம். கொஞ்சம் ஒத்துழைங்கடா."

"அதுக்கென்னடா, கூட்டிட்டு வா" என்றான் சதீஷ்.

இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். இயக்குநர் முனைவர் ராஜராஜன் நல்ல உயரம், கழுத்தில் அடையாள அட்டை, குரலில் எப்போதும் ஒரு மைக் வைத்த மாதிரி முழக்கம். அவர் நேராக மதகுக் கட்டைக்கு வந்து சதீஷுக்கும் அரசப்பனுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

"நாங்கள் இங்கே இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். "வழக்கமாக என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள்."

வழக்கமாக அவர்கள் ஒன்றும் செய்வதில்லை. மதகில் உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பார்கள். விருந்தாளி வந்திருக்கும்போது அப்படி உட்கார்ந்திருப்பது மரியாதையா? அரசப்பன் தென்னை மரத்தில் ஏறினான். சதீஷ் அருவாளை எடுத்து வந்து இளநீர் சீவினான். ராஜராஜன் இரண்டு குடித்தார். அவரோடு வந்திருந்த அஃப்ரீன் என்ற ஆய்வு உதவியாளர் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"தம்பி, அருவாளைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடியுங்கள், வெயில் நன்றாக விழுகிறது" என்று இயக்குநர் சொல்ல, ஜெயபால் படம் எடுத்தான். சதீஷ் சிரித்தபடி நின்றான். "சிரிக்க வேண்டாம்" என்றார் இயக்குநர். சரி, படத்துக்கு அப்படித்தான் போலிருக்கிறது என்று அவனும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். போகும்போது கார் டிக்கியில் ஒரு குலை இளநீர் ஏற்றி அனுப்பினார்கள். வெள்ளந்திப் பசங்கள், வேறென்ன சொல்ல?

அந்த வருஷம் சம்பா பயிர் கதிர் வரும் நேரத்தில் மழையில் முங்கிப்போயிற்று. கமலாம்பாள் சாகுபடி செய்வது குத்தகை நிலம். புருஷன் போன பிறகு அவளும் மகனுமாகத்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இனி நிலத்தை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அவள் முடிவெடுத்தாள். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கும் அவள் தம்பி, "சதீஷு வெல்டிங் படிச்சிருக்கான்ல, பாஸ்போர்ட் எடுத்து அனுப்பிவிடு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தான். பட்டறையில் ஒரு வேலையை அவனுக்காகப் பிடித்து வைத்திருந்தார்கள். பாஸ்போர்ட் வந்தால் போதும், பிழைப்பு மாறிவிடும். அம்மாவும் பிள்ளையும் அந்த ஒரு நினைப்பில்தான் எழுந்தார்கள், படுத்தார்கள்.

விண்ணப்பம் போட்டான். விசாரணைக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் செவ்வந்தி நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி, டீ கூட வரவழைத்தார்.

"தம்பி, உன் மேல ஒரு கேஸும் இல்ல" என்றார்.

"ரொம்ப நன்றி மேடம்."

"இருப்பா. கேஸ் இல்ல. ஆனா ஆய்வு இருக்கு."

மேஜையில் வழவழவென்று ஒரு புத்தகம் கிடந்தது. 'காவிரிப் படுகையில் வன்முறை உட்பண்பாடு: ஒரு கள ஆய்வு'. அட்டையில் அருவாளைத் தூக்கிக்கொண்டு சிரிக்காமல் நின்றது சதீஷ். எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரு பிரதி வந்திருக்கிறதாம், முன்னெச்சரிக்கைக்காக.

உள்ளே அவனுக்கென்று ஒரு பக்கமே ஒதுக்கியிருந்தார்கள். 'ரத்தம் என்னும் அடைமொழி வன்முறைப் பெருமிதத்தைக் குறிக்கிறது. நீர்நிலைப் பாலம் ஒன்றைத் தமது ஆட்சி எல்லையாகக் கொண்டுள்ளனர். ஆயுதத்தை மிக இயல்பாகக் கையாள்கின்றனர். அந்நியரைக் கண்டதும் ஆயுதம் வெளியே எடுக்கப்படுகிறது.'

"மேடம், அது இளநீர் சீவுனது. அவருதான் ரெண்டு குடிச்சாரு."

"இருக்கலாம். புஸ்தகத்துல இளநீர் இல்லியே." செவ்வந்திக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது. "உன் மேல கேஸ் இருந்தா எனக்கு வேலை சுலபம் தம்பி. கோர்ட்டுல விடுதலை ஆயிட்டேன்னு ஒரு பேப்பர் கொண்டாந்தா முடிஞ்சுது. ஆய்வுலேருந்து நீ எப்படி விடுதலை ஆவ? முனைவர் பட்டம் வாங்கினவங்க எழுதினதை நான் இல்லைன்னு எப்படி எழுதறது? மையத்துலயே போய் ஒரு கடுதாசி வாங்கிட்டு வா."

சதீஷுக்கு அப்போதும் ஜெயபால் மேல் சந்தேகம் வரவில்லை. ஏதோ தப்பு நடந்திருக்கிறது, அவனிடம் சொன்னால் சரிசெய்துவிடுவான் என்றுதான் நினைத்தான். போன் போட்டான். "வாடா, பாத்துக்கலாம்" என்றான் ஜெயபால். அரசப்பன் துணைக்கு வரவில்லை. அவனுக்குப் பாஸ்போர்ட் வேண்டியதில்லை. வெடிக்கடை லைசென்ஸுக்குப் போகும்போது பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான்.

மையத்தின் வரவேற்பறைச் சுவரில் திருமுருகனின் கல்யாண ஃப்ளெக்ஸைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஏ1 அப்படியே இருந்தது. ஏ2 அப்படியே இருந்தது. ஏ3 இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம். 'ஆய்வு நெறிமுறைப்படி மறைக்கப்பட்டது' என்று கீழே எழுதியிருந்தது. சதீஷ் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன் இவன் மூஞ்சி மட்டும் இல்ல?" என்று அஃப்ரீனிடம் கேட்டான்.

"ஆய்வாளரோட அடையாளத்தைப் பாதுகாக்கணும்ணா. அது நெறிமுறை."

"எங்களோடது?"

"நீங்க தரவுண்ணா."

இயக்குநர் அறையில் ஜெயபாலும் இருந்தான். சதீஷை நிமிர்ந்து பார்க்காமல் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தான். சதீஷ் கையைக் கட்டிக்கொண்டு நடந்ததைச் சொன்னான். தன் பேரை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்றான். ராஜராஜன் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, இந்த ஆய்வில் தீவிரப் பிறழ்வாளர்கள் மொத்தம் இரண்டு பேர். உங்களை எடுத்தால் காவிரிப் படுகையில் தீவிரப் பிறழ்வு பாதியாகக் குறைந்துவிடும். ஒரே நாளில் ஐம்பது சதவீதம் குறைந்தது என்று நான் எழுதினால் யார் நம்புவார்கள்? அறிவியல் அனுமதிக்காது."

"சார், நாங்க ஒண்ணுமே பண்ணல சார். நெசமான ரவுடிங்க எத்தனையோ பேரு இருக்காங்க. அவங்களப் போய்ப் பாத்திருக்கலாமே?"

"பார்த்தோமே! கொள்ளிடக் கரையில் ஒருவரிடம் கேள்வித்தாளோடு போனோம். எங்கள் ஓட்டுநரின் கன்னம் வீங்கிவிட்டது. அவர்கள் ஒத்துழைப்பதில்லை தம்பி. ஒத்துழைக்காதவர்களை வைத்து ஆய்வு செய்ய முடியாது. நீங்கள் ஒத்துழைத்தீர்கள். சமூகவியல் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது."

பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். பெயரை நீக்க முடியாது, ஆனால் மீட்க முடியும். மையத்தின் மீள்வுத் திட்டத்தில் சேர்ந்து திருந்தினால் 'திருந்தியவர் சான்றிதழ்' தருவார்கள். விழாவுக்குச் செவ்வந்தி மேடமே வந்து தன் கையால் கொடுப்பார். அப்புறம் பாஸ்போர்ட்டுக்கு என்ன தடை? ஜெயபால் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"நான் கேரண்டிடா. சான்றிதழைக் காட்டினா மேடம் ஓகே பண்ணிடுவாங்க."

திருந்துவதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்பது சதீஷுக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. அஃப்ரீன் ஒரு கேள்வித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாரையாவது அடித்ததுண்டா? இல்லை. போதை? இல்லை. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியது? யோசித்துப் பார்த்து இல்லை என்றான். கடைசியில் அவள் கூட்டிப் பார்த்தாள். பூஜ்யம் வந்தது.

"ஐயோ" என்றாள்.

"நல்லதுதானே?"

"இல்லண்ணா. பூஜ்யம் வந்தா அது மறுப்பு நிலை. குற்றத்தை உள்ளுக்குள்ள பூட்டி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். அதுதான் இருக்கறதுலயே ஆபத்தான வகை. திட்டத்துல சேக்க முடியாது, நேரா கண்காணிப்புக்கு அனுப்பணும்." அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஏதாவது ஒண்ணு சொல்லுங்கண்ணா, ப்ளீஸ்."

சதீஷ் தலையைச் சொறிந்து சொறிந்து ஒன்றைக் கண்டுபிடித்தான். கும்பகோணம் மகாமகக் குளம் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் கூட்ட நெரிசலில் ஒருதடவை டிக்கெட் எடுக்க முடியாமல் போய்விட்டது. இறங்கினபிறகு கண்டக்டரைத் துரத்திப் போய்க் கொடுத்தான்.

"துரத்தினது வரைக்கும் எழுதிக்கறேன்" என்றாள் அஃப்ரீன்.

அடுத்து புகைப்படம். திருந்துவதற்கு முன், திருந்திய பின் என்று இரண்டு படம் வேண்டும். சதீஷின் தலைமுடி எண்ணெய் தேய்த்து வகிடெடுத்துப் படிய வாரியது, அவன் அம்மா வாரிவிட்டாற்போல. இயக்குநர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது திருந்திய தலை. திருந்தாத தலை எங்கே?" மையத்துக்கென்று ஒப்பந்தத்தில் ஒரு முடிதிருத்துபவர் இருந்தார். அவர் சதீஷின் காதுக்கு மேல் இரண்டு பக்கமும் ஒட்டச் சிரைத்து, மின்னல் வெட்டு மாதிரி கோடு போட்டு, நடு மண்டையில் செம்பட்டைச் சாயம் அடித்து நிமிர்த்திவிட்டார். படம் எடுத்தார்கள். சாயம் காய்வதற்குள் மொத்தமாக மழித்து இன்னொரு படம் எடுத்தார்கள்.

"பார்த்தீர்களா, நம் தலையீட்டின் விளைவு!" என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து வியந்தார் ராஜராஜன்.

மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு வெளியே வந்த சதீஷ், டீக்கடையில் நின்ற ஜெயபாலைப் பிடித்துக்கொண்டான்.

"உனக்குத் தெரியும்லடா அது காமெடின்னு? நீதானடா எழுதின? ஒவ்வொரு வரியும் நீ எழுதினது."

ஜெயபால் டீயை ஆற்றினான். "தெரியும்டா."

"அப்பறம் ஏன்டா?"

"காமெடிக்கு ஃபண்டு கிடையாதுடா. எனக்கு ஒப்பந்தம் முடியற நேரம். ஒரு உட்பண்பாட்டுக் குழுவைக் கண்டுபிடிச்சாத்தான் நீட்டிப்பாங்க. நெஜ ரவுடிகிட்ட போய் நிக்க எனக்குப் பயம். நீ எதுவும் சொல்லமாட்டன்னு தெரியும். அதான்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் தெம்பு வந்தவன் போலச் சேர்த்துக்கொண்டான். "உனக்கு என்னடா நஷ்டம்? சான்றிதழ் கைக்கு வந்ததும் நீ சிங்கப்பூர் போயிடுவ. நான் இங்கதான் கெடக்கணும்."

சதீஷுக்கு அவனை ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது. கை கூட லேசாக எழுந்தது. மையத்தின் வாசலுக்கு நேரே நின்றுகொண்டு அறைந்தால் அதையும் எவனாவது படம் எடுப்பான். கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான். நீ எதுவும் சொல்லமாட்டன்னு தெரியும் என்ற வார்த்தைதான் வழியெல்லாம் நெஞ்சைக் குடைந்தது. கூடப் பிறந்தவன் மாதிரி இருந்தவனுக்கு அவனைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

மீள்வு விழாவுக்குப் பெரிய பந்தல் போட்டார்கள். வாழைமரம் கட்டி, நாதஸ்வரம் வைத்து, பன்னீர் தெளித்து, கல்யாணத்துக்குச் செய்வதெல்லாம் செய்திருந்தார்கள். நாற்காலிகளை நிரப்பப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து மாணவர்களை இறக்கியிருந்தார்கள். முன்வரிசை நடுவில், பட்டு வேட்டியும் விரல் பருமன் சங்கிலியுமாக, விழாப் புரவலர் காயாரோகணம் அமர்ந்திருந்தார். கொள்ளிடத்து மணலை லாரி லாரியாகக் கொண்டுபோகிறவர் அவர்தான் என்பது மூன்று மாவட்டத்துக்கும் தெரியும். மையத்து ஓட்டுநர் அவரைக் கண்டதும் கன்னத்தைத் தடவிக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போய்விட்டார். செவ்வந்தி எழுந்து வணக்கம் வைத்தார்.

மேடையில் ஓரமாக, வெள்ளை வேட்டி சட்டையில் உட்காரவைக்கப்பட்டிருந்த சதீஷ் மூன்றாவது வரிசையைப் பார்த்து அதிர்ந்துபோனான். அங்கே அவன் அம்மா உட்கார்ந்திருந்தாள். கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் மாம்பழக் கலர் பட்டு, மடியில் ஒரு தூக்குவாளி, முகமெல்லாம் பூரிப்பு. மகனைப் பார்த்ததும் கையை ஆட்டினாள்.

"அம்மாவ யாருடா கூட்டிட்டு வந்தது?" என்று பக்கத்தில் வந்த ஜெயபாலிடம் கேட்டான்.

"நான்தான் கார் அனுப்பினேன். குடும்பத்துல ஒருத்தர் பேசணும்னு நிகழ்ச்சி நிரல்ல இருக்குடா."

"என்ன சொல்லிக் கூப்ட்ட?"

"உனக்குப் பாராட்டு விழான்னு" என்று சொல்லிவிட்டு மைக்கைச் சரிசெய்யப் போய்விட்டான்.

ராஜராஜன் பேச எழுந்தார்.

"இந்த மையம் தொடங்கியபோது, தஞ்சைத் தரணியில் பிறழ்வா என்று கேட்டார்கள். சோறு போடும் மண்ணில் குற்றமா என்று ஏளனம் செய்தார்கள். நாங்கள் மனம் தளரவில்லை. தேடினோம். கிடைக்கவில்லை. மீண்டும் தேடினோம். இன்று பெருமையோடு சொல்கிறேன், இந்தப் படுகையின் பிறழ்வு எண்ணிக்கை எங்கள் வருகைக்குப் பிறகுதான் உயர்ந்திருக்கிறது!"

கைதட்டல். காயாரோகணம் கையை உயர்த்தித் தட்டினார்.

"பிறழாத இளைஞனைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அவனுக்கு நாம் எப்படி உதவுவது? எல்லோரும் ஒழுங்காக இருந்துவிட்டால் இந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடி எப்படி எழும்பும்? ஆகவே இளைஞர்களே, திருந்துங்கள். ஆனால் எங்களிடம் வந்து திருந்துங்கள். தானாகத் திருந்துகிறவர்கள் சமூகத்துக்கு இழப்பு."

நன்றாகத்தான் பேசினார். மாணவர்கள் விசிலடித்தார்கள். அடுத்து 'ஒரு தாயின் கண்ணீர்' என்று அறிவித்தான் ஜெயபால். கமலாம்பாளைக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவந்ததும் அவன்தான். அவள் மைக்கைப் பார்த்து வெட்கப்பட்டாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்குப் பேசல்லாம் தெரியாது. எம்புள்ள நல்ல புள்ளைங்க. ஒரு நாளு ஒரு பொழுது ஒரு சொல்லு வாங்கினதில்ல. அவங்க அப்பா போனதுலேருந்து என்னைக் கண்ணுல வெச்சுப் பாத்துக்கறான். நாலு பேரு பாராட்டறாப்ல அவனை மேடையில ஏத்தி வெச்ச உங்களுக்கெல்லாம் புண்ணியமா போவும்."

இயக்குநர் மைக்கை வாங்கிக்கொண்டார். "கவனித்தீர்களா? பிறழ்வாளர்களின் தாய்மார்கள் கடைசிவரை இப்படித்தான் நம்புகிறார்கள். இதற்கு அன்னைசார் மறுப்பு என்று பெயர்." கமலாம்பாளுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் கைதட்டியதால் அவளும் கும்பிட்டுவிட்டு இறங்கி உட்கார்ந்தாள்.

சதீஷ் சொல்லவேண்டிய வாக்கியத்தை ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுத்திருந்தார்கள். அதைச் சொன்னால்தான் சான்றிதழ். சான்றிதழ் வந்தால்தான் பாஸ்போர்ட். அவன் மைக்கின் முன்னால் போய் நின்றான். அம்மா மூன்றாவது வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள், எம்புள்ள என்றுதான் சொல்லியிருப்பாள். சொல்லாமல் இறங்கிவிடலாமா என்று நினைத்தான். முங்கிப்போன வயலும் சிங்கப்பூரில் காத்துக்கொண்டிருந்த வேலையும் கண்ணுக்குள் வந்து நின்றன. பின்னாலிருந்து ஜெயபால், "சொல்லுடா, சீக்கிரம்" என்றான்.

"நான், சதீஷ், வன்முறைக் குழுவின் தலைவனாக இருந்து, என் தாய்க்குத் தெரியாமல் பல குற்றங்களைச் செய்தேன். இன்று திருந்தினேன்."

நாதஸ்வரக் கோஷ்டி கெட்டிமேளம் கொட்டியது. செவ்வந்தி சான்றிதழைக் கொடுக்க, காயாரோகணம் பொன்னாடை போர்த்தி, "இனிமேலாவது ஒழுங்கா பொழைக்கணும் தம்பி" என்று தட்டிக்கொடுத்தார். சதீஷ் மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப தைரியம் வரவில்லை.

விழா முடிந்ததும் ஜீப்பில் ஏறப்போன செவ்வந்தியிடம் ஓடினான். சான்றிதழை நீட்டினான்.

"மேடம், இதை வெச்சுப் பாஸ்போர்ட்டுக்கு நல்லபடியா எழுதிடுவீங்கள்ல?"

செவ்வந்தி அதைப் படித்தார். பிறகு அவனைப் பார்த்தார். "யாரு தம்பி உனக்கு இந்த யோசனை சொன்னது?"

"ஜெயபால் மேடம். மையத்துல இருக்கானே."

"இதுவரைக்கும் உன் மேல ஆய்வு மட்டுந்தான் இருந்துச்சு. எப்படியாவது சுத்தி வளைச்சு எழுதிடலாம்னு நெனச்சேன். இப்ப வாக்குமூலமே இருக்கு. நூறு பேருக்கு முன்னாடி மைக்குல சொல்லியிருக்க, என் கையாலயே பேப்பர் வாங்கியிருக்க. ஒண்ணுமே நடக்கலைன்னு நான் இனி எப்படி எழுதறது?" ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வாயைத் திறக்காம இருந்திருக்கலாமேப்பா" என்றார்.

தஞ்சாவூரிலிருந்து மாயவரம் பஸ்ஸில் அம்மாவும் மகனும் ஏறினார்கள். திரும்பிப் போக மையத்தில் கார் இல்லை. கமலாம்பாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வழக்கமாக அந்த இடத்தில் உட்கார்ந்தால் கண்ணில் படுகிற வயலையெல்லாம் விமர்சித்துக்கொண்டு வருவாள், இவன் களையெடுக்கலை, அவன் தண்ணியை வடிக்கலை என்று. இன்றைக்குப் பாபநாசம் தாண்டியும் வாயைத் திறக்கவில்லை. சதீஷ் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"என்ன பண்ணின?" என்றாள் கடைசியில்.

"ஒண்ணும் பண்ணலம்மா. பாஸ்போர்ட்டுக்காக அப்படிச் சொல்லச் சொன்னாங்க."

"பாஸ்போட்டுக்காக எவனாச்சும் தன்னைத்தானே குத்தவாளின்னு சொல்லிக்குவானா? ஒண்ணும் பண்ணாதவனுக்கு அவ்வளவு பெரிய பந்தலு போடுவாங்களா? டாக்டர் பட்டம் வாங்கினவரு, போலீசு, அத்தன பேருமா பொய் சொல்லுவாங்க?"

"ஆமாம்மா. அத்தன பேரும்தான்."

அவள் நம்பவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கு ரத்தம் குடுக்கப் போறேன், ரத்தம் குடுக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போவியே. அங்கதான் போனியா? என் தலையில அடிச்சுச் சொல்லு. கொல கில எதுவும் இல்லையே?"

சதீஷ் அவளையே பார்த்தான். ஸ்டேஷனில் கூட அவனை யாரும் அப்படிக் கேட்கவில்லை. இயக்குநரோ ஜெயபாலோ என்ன எழுதினாலும் வீட்டில் ஒருத்திக்கு உண்மை தெரியும் என்ற நினைப்பில்தான் இத்தனை நாளும் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். இப்போது அதுவும் போயிற்று. ஆனால் அழுகிறவள் அம்மாவாயிற்றே. அவள் மனதுக்குள் எந்தப் பிணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ! அதைவிட ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைப்பது மேல் என்று தோன்றியது.

"அய்யய்யோ, கொலையெல்லாம் இல்லம்மா" என்றான். "ஒரு பம்புசெட்டு மோட்டாரு. ஒருதடவ தூக்கினேன்."

கமலாம்பாள் அழுகையை நிறுத்தினாள். "மோட்டாரா? யாரோடது?"

"நம்ம ஊரு இல்ல. கொள்ளிடத்துப் பக்கம்."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதாம்மா."

"யாரையும் அடிச்சியா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

அவள் நீளமாக மூச்சு விட்டாள். அதுவரை இறுகியிருந்த தோள் தளர்ந்தது. பாட்டிலை வாங்கித் தண்ணீர் குடித்தாள். பிறகு அவனுடைய மொட்டைத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு மெதுவாகத் தடவினாள்.

"போவட்டும். ஏதோ கெட்ட நேரம், பண்ணிட்ட. இனிமே அந்த நெனப்பே வரக்கூடாது, என்ன?"

"சரிம்மா."

"ஜெயபாலு மட்டும் இல்லன்னா உன்னை யாரு திருத்தியிருப்பா? கூடப் பொறந்தவன் கூட இப்படிச் செய்யமாட்டான்யா. அந்தப் புள்ளையை ஒருநாளும் மறந்துடாத, மகராசனா இருக்கணும் அவன்."

"ஆமாம்மா" என்றான் சதீஷ்.